குடியாத்தத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் உளவியலாளருக்கு: சூப்பர்விஷன் குழுவிலா, தனியாகவா?

கேள்வி இது: "எம்.எஸ்சி. உளவியல் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. குடியாத்தத்தில் ஒரு கிளினிக்கின் மாடி அறையில் வாரம் நான்கு நாள் கவுன்சலிங் செய்கிறேன். மீதி இரண்டு நாள் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. ஆன்லைனில் குழு சூப்பர்விஷன் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது, தனி சூப்பர்விஷனுக்குக் கட்டணம் அதிகம். எதில் சேரலாம்? திரையில் பார்த்துப் பேசுவது போதுமா? (ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று தடவைக்கு அப்புறம் வரவேயில்லை. அது பரவாயில்லை, பொதுவாகத்தான் கேட்கிறேன்.)"

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: சூப்பர்விஷன் என்றால் நாம் பார்க்கும் கேஸ்களை அனுபவம் உள்ள ஒருவரிடம் தொடர்ந்து கொண்டுபோய்ப் பேசிப் பார்ப்பது. இப்போது நேரடியான பதில். முதல் ஆறு மாதம் தனி சூப்பர்விஷன், மாதம் இரண்டு தடவை. அதற்கு அப்புறம் தனியை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, ஆள் மாறாத ஒரு சின்னக் குழுவில் சேருங்கள். பணம் இடிக்கிறது என்றால் தனியை மாதம் ஒன்றாக வைத்துக்கொண்டு ஆரம்பத்திலேயே குழுவையும் சேர்த்துக்கொள்ளலாம். வெறும் குழு மட்டும் என்பது உங்கள் நிலையில் உள்ளவருக்குப் போதாது என்பது என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் வேலூரில் இருபது வருடத்துக்கு மேல் கிளினிகல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். 2020 லாக்டவுனில் வேறு வழியில்லாமல் சூப்பர்விஷனைத் திரைக்கு மாற்றினேன். லாக்டவுன் முடிந்தது, திரை முடியவில்லை. வாணியம்பாடியிலும் ஆரணியிலும் இருக்கும் பிள்ளைகள் ஒரு மணி நேரப் பேச்சுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேலூருக்கு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

இந்தச் சொல்லே ஒரு தொல்லை. தமிழில் மேற்பார்வை என்கிறோம். கேட்டால் கட்டட மேஸ்திரி ஞாபகம்தான் வரும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் சூப்பர்வைசர் என்றால் ஷூ கம்பெனியில் வரிசைக்குப் பின்னால் நின்று பீஸ் எண்ணுகிறவர். என்னிடம் வரும் பெண் ஒருத்தி வீட்டில் "வியாழக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசரோட பேசணும்" என்றதும், அவள் அப்பா "ஏம்மா, வேலையில ஏதாவது தப்பு பண்ணிட்டியா?" என்று கேட்டாராம். சிரித்தோம், ஆனால் பயந்துகொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது அதேதான்.

இந்தத் துறையில் அது வேறு விஷயம். பிரிஜிட் ப்ராக்டர் என்ற பிரிட்டிஷ் ஆலோசகர் 1980களில் அதன் வேலையை மூன்றாகப் பிரித்தார். நெறி தவறாமல் பார்த்துக்கொள்வது ஒன்று, தொழிலைக் கற்றுத் தருவது ஒன்று, செய்கிறவரைத் தாங்கிப் பிடிப்பது ஒன்று. இளையவர்கள் இரண்டாவதை மட்டும் எதிர்பார்த்து வருகிறார்கள். "இந்த கேஸுக்கு என்ன டெக்னிக் போடலாம் மேடம்?" மாடி அறையில் தனியாக இருக்கும் உங்களுக்கு மூன்றாவதுதான் முதலில் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் ஆலோசகர்களுக்கான பெரிய சங்கமான பி.ஏ.சி.பி., அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்கள் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் மாதம் ஒன்றரை மணி நேரமாவது சூப்பர்விஷனில் இருந்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறது. இங்கே படிப்பு முடிந்த அப்புறம் அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாயம் இல்லாததால் பலர் செய்வதில்லை. நீங்கள் கேட்டதே நல்ல அறிகுறி.

இதோடு ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாற்று நடக்கிறது. "இத்தனை மணி நேரம் சூப்பர்விஷன், முடிவில் சான்றிதழ்" என்று விற்கிறார்கள். அந்தச் சான்றிதழ் உங்களை கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை அங்கீகரித்த நிறுவனத்தில் முடித்து, கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர 2021இல் துணைநிலை சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. ஆன்லைன் சூப்பர்விஷன் இவை எதற்கும் மாற்று கிடையாது. விசிட்டிங் கார்டில் என்ன போடலாம், எந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை நல்ல சூப்பர்வைசர் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார். கேட்காமல் பணம் மட்டும் வாங்குகிறவர் மீது எனக்கு நம்பிக்கை கிடையாது.

சரி, தனி சூப்பர்விஷன் ஏன் முதலில்?

ஒருவர் உங்களைத் தொடர்ந்து பார்த்தால்தான் உங்கள் கை எங்கே வழக்கமாக நழுவுகிறது என்று தெரியும். ஒரு கேஸில் அது தற்செயலாகத் தெரியும். நாலாவது கேஸிலும் அழ ஆரம்பித்தவரிடம் தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கிறீர்கள் என்றால், அது உங்கள் பழக்கம். இதைக் குழுவில் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐந்து பேர் உள்ள குழுவில் உங்கள் முறை வரவே இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும்.

இன்னொன்று, மறைப்பது. 1996இல் அமெரிக்காவில் லடானி என்பவரும் அவர் சகாக்களும் பயிற்சியில் இருந்தவர்களிடம் சூப்பர்வைசருக்குச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று விசாரித்தார்கள். 100க்கு 97 பேர் உண்டு என்றார்கள். சூப்பர்வைசர் மேல் உள்ள வருத்தம், தன் சொந்த விஷயம், கேஸில் செய்த தப்பு, இப்படிப் பலதும் அதில் இருந்தன. எனக்கு இந்த எண் ஆச்சரியம் தரவில்லை. மீதி மூன்று பேர் நிஜம் சொன்னார்களா என்பதுதான் என் சந்தேகம்.

நானும் மறைத்திருக்கிறேன். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இடத்தின் பெயர் வேண்டாம். பீடி சுற்றும் ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். பேசும்போது விரல்கள் மடியில் சும்மா இருக்காது, இல்லாத இலையை மடித்துக்கொண்டே இருக்கும். "நெஞ்சு மேல கல்ல தூக்கி வச்ச மாதிரி கீது மேடம்" என்றார். நான் என் நோட்டில் ஆங்கிலத்தில் "ஆங்சைட்டி, செஸ்ட் டிஸ்கம்ஃபர்ட்" என்று எழுதினேன். சூப்பர்விஷனில் அதைத்தான் படித்தேன். என் சூப்பர்வைசரும் அந்த ஆங்கிலத்துக்குப் பொருத்தமானதைச் சொல்லிக் கொடுத்தார், மூச்சுப் பயிற்சி. எட்டு வாரம் அந்த அம்மாவை மூச்சு விட வைத்தேன். ஐந்தாவது வாரத்திலேயே அவர் எனக்காகத்தான் வருகிறார் என்று தோன்றிவிட்டது. "நல்லாப் போகுது மேடம்" என்று மேலே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வாரம் அவர் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து லாங்கு பஜாரில் காய் வாங்கும்போது அவரே என்னைக் கூப்பிட்டார். பேச்சுவாக்கில் சொன்னார்: "பெரிய புள்ள தவறிப்போன நாள்லேர்ந்து தான் அந்தக் கல்லு. நீங்க அது எப்ப வந்துதுன்னு கேக்கவே இல்லியே."

என் சூப்பர்வைசர் மேல் குற்றமே கிடையாது. அவர் காதுக்கு அந்தக் கல் போகவேயில்லை. நான்தான் வழியில் இறக்கிவிட்டேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் மிகப் பெரிய விஷயம் குழுவா தனியா என்பதை விட இதுதான்: வந்தவர் பேசியது எந்தத் தமிழோ அந்தத் தமிழிலேயே சூப்பர்விஷனுக்குக் கொண்டுபோக முடிகிற இடமாகப் பாருங்கள். டெல்லியிலோ பெங்களூரிலோ இருக்கும் பெரிய பெயர் உள்ளவர் நன்றாகச் சொல்லித் தரலாம். ஆனால் "காத்து கருப்பு பட்டுடுச்சு", "வாயு அடைக்குது", "மனசு ஒடஞ்சுபோச்சு", "யாரோ வச்சிட்டாங்க" ஆகிய நாலுக்கும் உள்ள வித்தியாசம் ஆங்கிலத்தில் போகும்போது கரைந்துவிடும். வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால், அந்த வாக்கியத்தை மட்டுமாவது முதலில் தமிழில் அப்படியே சொல்லிவிட்டு, அப்புறம் விளக்குங்கள். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், தமிழே வீட்டு மொழியாக இல்லாதவர்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது, குடியாத்தத்துக்கு மேலே ஆந்திர எல்லையில் தெலுங்கு. அவர்கள் உங்களிடம் தமிழில் பேசுவதே ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு. அதையும் நினைவில் வையுங்கள்.

கேஸை எப்படிக் கொண்டுபோவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களின் ஒரு மணி நேரம் வீணாவது இங்கேதான். பெயர், வயது, குடும்பம், பிறந்தது முதல் இன்று வரை என்று இருபது நிமிடம் ஓட்டுவார்கள். அது மருத்துவமனை ரவுண்டுக்குச் சரி. எனக்கு ஐந்து வரி பின்னணி போதும். அப்புறம் எந்த இடத்தில் சிக்கியதோ அந்த ஐந்து நிமிடப் பேச்சு, முடிந்தவரை சொன்ன வார்த்தையிலேயே. அமர்வு முடிந்ததும், அடுத்தவரை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். ராத்திரி எழுதினால் உங்கள் பேச்சு உண்மையில் இருந்ததை விட நன்றாகிவிடும்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். ஒரு பெண் கொண்டுவந்தது, அவள் அனுமதியோடு, ஆட்களை மாற்றி.

"சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார் வந்தவர்.

"அப்படி நினைக்காதீங்க. எல்லாம் சரியாகிடும்" என்றாள் இவள்.

"ம்."

"தூக்கம் எப்படி இருக்கு?"

நான்கு வரிதான். இதில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்தோம். "எல்லாம் சரியாகிடும்" என்றது யாருக்குத் தேவைப்பட்டது? அந்த "ம்" எப்படி இருந்தது, சொல்லிக் காட்டு என்றேன். அவள் சொல்லிக் காட்டினாள், சொன்னதும் அவளுக்கே கேட்டுவிட்டது. கதவைச் சாத்துகிற சத்தம் அது. "தூக்கம் எப்படி இருக்கு" என்பது படிவத்தில் இருக்கும் கேள்வி. மாட்டிக்கொண்டதும் படிவத்துக்கு ஓடியிருக்கிறாள். எல்லோரும் ஓடுவோம். அடுத்த வாரம் அவள் போய், "அன்னிக்கு சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு கேட்டீங்க. நான் பதில் சொல்லாம அவசரப்பட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, இதற்கு முன்னால் யார் யாரிடம் சொல்லிப் பார்த்தார், என்ன ஆனது என்று ஆரம்பித்தாராம்.

இனி குழு. தனியைத் தூக்கி வைத்துப் பேசினேன் என்பதால் குழுவைக் குறைவாக நினைக்க வேண்டாம். குழுவால் முடிகிற ஒன்று என்னால் தனியாக முடியவே முடியாது. "எனக்கும் இதே நடந்தது" என்று ஒரே வயதுக்காரர் சொல்வது. நான் சொன்னால் அது பெரியவர் பரவாயில்லை என்று முதுகைத் தட்டுவது போல. பேரணாம்பட்டிலிருந்து இன்னொரு இருபத்தைந்து வயதுப் பெண் சொன்னால், அதோடு பாதி வெட்கம் போய்விடும்.

நான்கிலிருந்து ஆறு பேர், ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு கேஸ், மிஞ்சினால் இரண்டு. எட்டுப் பேருக்கு மேல் போனால் அது வகுப்பு. வகுப்பும் நல்லதுதான், ஆனால் அதைச் சூப்பர்விஷன் என்று சொல்லி விற்கக் கூடாது. ஆள் மாறாமல் இருப்பது அளவை விட முக்கியம். ஒவ்வொரு வாரமும் புது முகம் வந்தால் யாரும் தப்பைக் காட்ட மாட்டார்கள், சாமர்த்தியத்தைத்தான் காட்டுவார்கள்.

1950களில் லண்டனில் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலிண்ட் என்பவர் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பேச வைத்தார். அந்த வழியில் வந்த குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. கேஸ் சொன்னவர் சொல்லி முடித்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, வாய் திறக்காமல் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். திரையில் நாற்காலியைத் தள்ள முடியாது. நாங்கள் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிடச் சொல்கிறோம். கருப்புச் சதுரத்தில் பெயர் மட்டும் இருக்கும். நேரில் செய்வதை விட இது நன்றாக வேலை செய்கிறது என்பேன். முகம் தெரியாததால் மற்றவர்கள் அவர் மனம் நோகுமோ என்று இழுக்காமல் பேசுகிறார்கள், கேட்கிறவரும் முகத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

அப்படி ஒரு நாள். ஒரு தம்பி கல்லூரி மாணவன் ஒருவனைப் பற்றிச் சொன்னான், படபடவென்று, மூச்சு விடாமல். கடைசியில் "அடுத்த வாரம் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க, டைம் இல்ல" என்றான். சதுரம் கருப்பானது. குழுவும் உடனே பரபரத்தது. அதைச் செய்யலாம், இதைச் செய்யலாம். பத்து நிமிடம் ஆன அப்புறம் ஒரு பெண், அதிகம் பேசாதவள், "நாம ஏன் இவ்வளவு அவசரப்படறோம்?" என்றாள். அந்த மாணவனின் பிரச்சினையே அதுதான், செமஸ்டருக்குள் தன்னைச் சரி செய்துவிடு என்று அப்பா, அப்பாவின் அவசரத்தோடு மகன், மகனின் அவசரத்தோடு எங்கள் தம்பி, அவன் அவசரத்தோடு நாங்கள். ஒரே காய்ச்சல் நாலு வீடு தாண்டி வந்திருக்கிறது. 1955லேயே ஹரால்ட் சேர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் எழுதிவைத்த விஷயம், அறையில் நடப்பது சூப்பர்விஷனிலும் திரும்ப நடக்கும் என்று. படித்தால் பாடம். கருப்புச் சதுரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டால்தான் உறைக்கிறது. கேமரா திரும்ப வந்தபோது தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வியர்வை என்றான். மே மாதம் வேறு, நம்பிவிட்டோம்.

குழுவின் ஆபத்தும் நம் ஊரில் தனி ரகம். பெரிய நகரத்தில் பெயரை மாற்றினால் போதும். இங்கே "குடியாத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருப்பவரின் இரண்டாவது மகள், விவாகரத்து" என்று சொன்னால் குழுவில் ஒருவருக்காவது அது யார் என்று தெரிந்துவிடும், அவர் சித்தி வீடு அந்தத் தெருவாகவே இருக்கும். ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள். கதையின் எலும்பை மட்டும் வையுங்கள். யாருக்காவது ஆள் பிடிபட்டுவிட்டால் உடனே சொல்லிவிட்டு வெளியேறுவது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் குடியாத்தத்துக்காரர் வேறு யாரும் இல்லாமல் இருந்தால் நல்லது. ஆன்லைனின் பெரிய வசதியே அதுதான், கோவில்பட்டியிலிருந்து ஒருவர், பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் என்று குழு அமைக்கலாம்.

ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாது, சாதி. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் யார் யாருக்கு மேலே கீழே என்பது கதையின் எலும்பு. இங்கே "எந்தத் தெரு?" என்று கேட்பதே அதைக் கேட்பதுதான். வந்தவர் ஊரிலிருந்தா காலனியிலிருந்தா, நீங்கள் எங்கிருந்து, அவர் உங்கள் பெயரையும் பேச்சையும் வைத்து என்ன கணக்குப் போட்டிருப்பார்? ஓடிப்போய்த் திருமணம் செய்த பெண்ணின் "குடும்பப் பிரச்சினை"யை இது இல்லாமல் பேசினால் காற்றில் பேசுவதுதான். ஆறு மாதம் ஆகியும் ஒரு தடவை கூட இதைக் கேட்காத சூப்பர்வைசர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் உங்கள் அறையில் நடப்பதில் பாதியைத்தான் பார்க்கிறார்.

குடும்பமும் அப்படித்தான். தனி ஆள், மூடிய அறை, ஐம்பது நிமிடம் என்று புத்தகத்தில் இருக்கும். உங்களிடம் மாமியார் கூடவே உள்ளே வந்து உட்காருவார். வெளியூர் சூப்பர்வைசர் "எல்லையைக் காக்கவில்லை" என்று குறை சொல்லலாம். தயங்காமல் சொல்லுங்கள்: பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957இலிருந்து குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்தே சிகிச்சை தந்து வந்திருக்கிறது, வேலூருக்கு இது புதிதில்லை. மாமியாரை வெளியே அனுப்புவதா வேண்டாமா என்பது கேள்வி இல்லை, எந்தப் பத்து நிமிடம் அனுப்புவது என்பதுதான்.

திரை போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போதும், இடம் அமைந்தால். ஹெட்போன் போட்டால் ரகசியம் காக்கப்பட்டது என்று நினைக்கிறார்கள். ஹெட்போன் என் குரலைத்தான் மறைக்கும். உங்கள் குரல் சமையலறை வரை போகும். கூட்டுக் குடும்ப வீட்டில் தனி அறை கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். மொட்டை மாடி என்றால் பக்கத்து மொட்டை மாடியில் வடாம் காயும். கிளினிக் அறையே சிறந்தது, கடைசி ஆள் போன அப்புறம், மின்விசிறியைக் கூட்டி வைத்து, கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு. கரண்ட் போனால் என்ன செய்வது, போனில் தொடர்வதா வேறு நாள் வைப்பதா என்பதை முன்பே பேசிவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் நெட் அறும்.

கேஸ் விஷயம் எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். குழுவுக்கு வாட்ஸ்அப் இருந்தால் அது நேரம் சொல்ல மட்டும். அமர்வை ஒலிப்பதிவு செய்து சூப்பர்வைசருக்குப் போட்டுக் காட்டுவது மிகவும் பயனுள்ள முறைதான், ஆனால் வந்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், கேட்டு முடிந்ததும் அழிக்க வேண்டும். உங்கள் போன் பதிவுகளைத் தானாகவே எங்கோ ஏற்றிவைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே போனில் உங்கள் தம்பி வீடியோ பார்ப்பான்.

சூப்பர்விஷன் எடுப்பதை வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை அவர்களின் உரிமை என்கிறது, நம் தயவு என்று சொல்லவில்லை. பயப்படாதீர்கள், முதல் நாளே சாதாரணமாகச் சொல்லலாம்: "உங்களுக்கு நல்லபடியா உதவணும்னு என்னை விட அனுபவம் உள்ள ஒருத்தரோட அப்பப்போ கலந்து பேசுவேன். உங்க பேரு, ஊரு, அடையாளம் எதுவும் சொல்லமாட்டேன்." மறுப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அதிகம் கேட்ட பதில், "பெரிய டாக்டரைக் கேப்பீங்களா? நல்லாக் கேளுங்க" என்பதுதான்.

சூப்பர்விஷனுக்காகக் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. பள்ளியில் வேலை செய்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிய வந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தலைமை ஆசிரியர் "பள்ளிப் பேர் கெட்டுவிடும், பொறுங்கள்" என்றாலும் உங்கள் கடமை நிற்காது. வியாழக்கிழமை மேடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பதும் கிடையாது. சூப்பர்வைசருக்குப் போன் போடுங்கள், தைரியத்துக்காக. அனுமதிக்காக இல்லை. தற்கொலை ஆபத்தும் அப்படியே. அன்றே வீட்டாரை வரவழைத்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பாகாயத்துக்கோ அனுப்ப வேண்டியதை அன்றே அனுப்புங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், அந்த எண்ணை அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் அமர்வுக்கு வெளியே சூப்பர்வைசரைக் கூப்பிடலாமா, எத்தனை மணி வரை, என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தம் என்றால் பத்திரம் இல்லை, ஒரு பக்கக் காகிதம் போதும். எத்தனை நாளுக்கு ஒரு தடவை, கட்டணம், வராவிட்டால் என்ன, குறிப்புகள் யாரிடம் இருக்கும், உங்கள் கிளினிக் முதலாளியோ பள்ளியோ கேட்டால் சூப்பர்வைசர் உங்களைப் பற்றிப் பேசுவாரா மாட்டாரா. கடைசியை மறக்காதீர்கள். சம்பளம் தருகிறவரே சூப்பர்வைசராகவும் இருந்தால் அவரிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. அதே போல உங்கள் சொந்தக் காயம் ஏதாவது கேஸின் வழியாக மேலே வந்தால், சூப்பர்விஷனில் அதைத் தொட்டுப் பேசலாம், ஆற்றுவதற்கு வேறு ஒரு சிகிச்சையாளரிடம் போங்கள். இரண்டையும் ஒருவரே பார்த்துக்கொள்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆள் எப்படி என்று இரண்டு அமர்வில் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி தன் பழைய கேஸையே சொல்கிறாரா? "நானா இருந்தா" என்றே ஒவ்வொரு வாக்கியமும் ஆரம்பிக்கிறதா? நீங்கள் பயந்துபோனதைச் சொன்னதும் தேற்றும் முறைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரா, எப்போது பயந்தீர்கள் என்று கேட்கிறாரா? "எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு தடவையாவது சொல்கிறாரா? சிலர் குழு அமர்வைப் பதிவு செய்து பிறகு பயிற்சி வீடியோவாக விற்கிறார்கள், அப்படி ஏதாவது காதில் விழுந்தால் அன்றே விலகிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி. பத்துப் பேரைப் பார்த்தால் ஒருவரின் கட்டணத்தை இதற்கென்று எடுத்து வையுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வேன். வாடகை, கரண்ட் மாதிரி இதுவும் அறையின் செலவு. கட்டணம் குறைத்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், புதியவர்களுக்குக் குறைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பையன். அடைப்புக்குறிக்குள் போட்டு, பரவாயில்லை என்றும் எழுதிவிட்டீர்கள். இவ்வளவு நீளக் கேள்வியில் ஆள் ஒருவர் வருவது அங்கே மட்டும்தான். முதல் அமர்வுக்கு அவனையே எடுத்துப் போங்கள். மூன்றாவது தடவை அவன் கிளம்பும்போது என்ன சொன்னான், நீங்கள் என்ன சொன்னீர்கள், வெளியே அவனுக்காகக் காத்திருந்தது யார், இதை மட்டும் ஞாபகம் இருக்கும்போதே இன்று ராத்திரி எழுதி வையுங்கள். அவன் சொன்ன வார்த்தையிலேயே.